சித்திரையில் ஒரு நாள்: கடலூர்க் கரை கண்ட வெயிலும் புயலும்

சித்திரை பிறந்துவிட்டால் நம் பக்கத்து வீடுகளில் ஓர் அவசரம் தொற்றிக்கொள்ளும். கூழ் வடகம் பிழிய வேண்டும், மோர் மிளகாய் காயவைக்க வேண்டும், புளியைக் கொட்டை எடுத்து உப்புப் போட்டு அடைத்து வைக்க வேண்டும். பண்ருட்டியைச் சுற்றி முந்திரிக் கொல்லை வைத்திருப்பவர்களுக்கோ கொட்டை பொறுக்கிக் காயவைக்கும் நேரம் அது. "சித்திரை வெயிலை நம்பி எதையும் மொட்டை மாடியில் போடலாம்டீ" என்பது என் மாமியார் காலத்துப் பேச்சு.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி? சித்திரை நடுவில் ஒரு நாளை எடுத்துக்கொள்வோமே, ஏப்ரல் 24 என்று. அந்த நாளிலும் அதையொட்டிய நாட்களிலும் நம் கடலூர்க் கரையில் வானம் என்னென்ன செய்திருக்கிறது என்று பார்த்தால், அம்மாடி, வடகம் பிழியும் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

1749-ம் வருஷம். நம் கெடிலம் ஆறு திருவதிகையைத் தாண்டி ஓடிக் கடலில் கலக்கிற இடத்தில், தேவனாம்பட்டினத்தில், ஆங்கிலேயக் கம்பெனியின் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. முந்தைய வருஷம் புதுச்சேரியை முற்றுகையிட்டு, பிடிக்க முடியாமல் திரும்பிய அட்மிரல் பாஸ்கவனின் கப்பல்கள் இந்தக் கரையோரம் நின்றிருந்தன. ஏப்ரல் 13-ம் தேதி கிளம்பிய புயல் மறுநாளுக்குள் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டது. அட்மிரலின் சொந்தக் கப்பலான 'நாமூர்' உடைந்து 520 பேர் மாண்டார்கள். அவர் அன்று கரையில் இருந்ததால் தப்பித்தார். 'பெம்புரோக்' என்ற இன்னொரு போர்க்கப்பலில் முன்னூறு பேருக்கு மேல் போனார்கள்; பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதே சமயம், தஞ்சாவூர்ச் சீமைக்குப் புறப்பட்ட கம்பெனிப் படை பரங்கிப்பேட்டைப் பக்கம் கூடாரம் அடித்திருந்தது. கூடாரங்கள் கந்தல் கந்தலாகிப் பறந்தன, வண்டி மாடுகள் செத்து விழுந்தன. இதெல்லாம் கப்பல்காரர்களும் பட்டாளத்துக்காரர்களும் எழுதிவைத்த கணக்கு. கரையோரக் குப்பங்களில் அன்றைக்கு எத்தனை அடுப்பு எரியாமல் போயிற்றோ!

"ஏப்ரல் 13 என்றால் அது வருஷப் பிறப்புக்கு முதல் நாள் அல்லவா, நீங்கள் 24 என்கிறீர்களே" என்று கேட்பீர்கள். ஆங்கிலேயர்கள் 1752 வரை பழைய நாள்காட்டியைத்தான் வைத்திருந்தார்கள். அது இப்போதைய காலண்டருக்கு 11 நாள் பின்தங்கி ஓடியது. ஆகவே அவர்களுடைய ஏப்ரல் 13 நமக்கு ஏப்ரல் 24. நல்ல சித்திரை நடு!

புயல் என்றால் ஐப்பசி, கார்த்திகை என்றுதான் நமக்கு மனசில் பதிந்திருக்கிறது. வங்காள விரிகுடா வருஷத்துக்கு இரண்டு தடவை கொந்தளிக்கும். வடகிழக்குப் பருவமழையின்போது ஒன்று. தென்மேற்குப் பருவம் தொடங்குவதற்கு முன்னால், சித்திரை, வைகாசியில், இன்னொன்று. இந்தக் கோடைப் புயல்கள் பெரும்பாலும் நம்மை விட்டு வடக்கே திரும்பிவிடும். 1991 ஏப்ரல் 29-ல் வங்கதேசத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது அப்படிப்பட்டதுதான். 2008 மே 2-ல் பர்மாவை அழித்த 'நர்கீஸ்' புயலும் அப்படியே. 2019 ஏப்ரல் கடைசியில் 'ஃபானி' உருவானபோது தமிழ்நாட்டுக்கு வரும் என்றுதான் முதலில் பயந்தோம். அது வளைந்துபோய் மே 3-ல் ஒரிசாவில் பூரி அருகே கரையேறியது. 1749-ல் வந்தது திரும்பவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பண்ருட்டிக்காரர்களுக்குக் காற்று என்றால் என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். பலா நட்டுக் காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகுமே. அந்த வருஷங்களில் பலர் வீட்டில் பெண்ணின் கல்யாணம் தள்ளிப்போயிற்று, பிள்ளையின் காலேஜ் நின்றுபோயிற்று. மார்கழிக் காற்று மரத்தை வாங்கிப் போகும். மாசி, பங்குனியில் வருகிற அகால மழையோ பூவை வாங்கிப் போகும். 2008 மார்ச்சில் தமிழ்நாடு முழுக்கக் கொட்டிய மழை அந்த மாதிரி. பூத்திருக்கும் முந்திரியில் மழை நின்றால் பூ கருகிக் கொட்டிவிடும், அந்த வருஷத்து வருமானமும் கூடவே போகும்.

இனி வெயிலுக்கு வருவோம். சென்னையில் நுங்கம்பாக்கத்தில் 1792-ல் வானாராய்ச்சிக் கூடம் கட்டினார்கள். 1796 முதல் அங்கே தட்பவெப்பத்தைக் குறித்துவந்தார்கள். நாடு முழுமைக்குமான வானிலைத் துறை 1875-ல்தான் வந்தது. வெப்பமானியை வெயிலில் வைத்து அளப்பதில்லை. நாலடி உயரத்தில், வெள்ளை வர்ணம் அடித்த, பலகணிக் கம்பி மாதிரி சட்டங்கள் வைத்த மரப்பெட்டிக்குள், நிழலில், காற்றோட்டமாக வைக்கிறார்கள். இந்தப் பெட்டியை அமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன். 'புதையல் தீவு' கதை எழுதினாரே, அவருடைய அப்பா! ஆகவே பேப்பரில் 38 டிகிரி என்று போட்டால் அது நிழலின் சூடு. வெயிலில் நிற்கும் குழந்தைக்குப் படுவது அதைவிட ஜாஸ்தி.

சென்னையில் ஏப்ரல் மாதத்துப் பகல் வெப்பம் சராசரியாக 35 டிகிரி அளவில் இருக்கும். கடலூரும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். காப்பாற்றுவது கடல் காற்று. மத்தியானத்தையொட்டிக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே புகும்போது சூடு ஏறுவது நின்றுவிடும். பண்ருட்டி கடலிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நமக்கு அந்தக் காற்று தாமதமாக, பாதி சக்தி போய்த்தான் வந்து சேரும். மேல்காற்று பலமாக அடித்தால் கரையில்கூட அது நுழைய முடியாது. சென்னையில் 2003 மே 31-ல் 45 டிகிரி அடித்ததே, இதுவரை அங்கே பதிவானதில் அதுதான் அதிகம். அது அப்படிப்பட்ட ஒரு நாள். ஜன்னல் திரை கிழக்குக் காற்றில் ஆடவில்லை, மத்தியானம் ஒரு மணியாகியும் மேல்காற்றே வீசுகிறது என்றால், அன்று பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்.

வெப்ப அலை என்று அறிவிக்கச் சமவெளி ஊர்களுக்கு 40 டிகிரி தொட வேண்டும். கடலோரத்துக்கு 37 போதும், வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடியிருந்தால். ஏன் இந்தச் சலுகை? கடலோரத்தில் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஆகவே ஈரோட்டு 39-ஐவிட நம் 37 குழந்தையை அதிகம் வாட்டலாம்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு மாதம் நிரம்பாத, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு எந்தக் கோடையிலும் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலையே அடிக்கடி கொடுத்தால் போதும். தண்ணீரும் மோரும் இளநீரும் தாய்க்குத்தான் தேவை. வேர்க்குருவுக்குப் பவுடரை அப்பாதீர்கள், துணியைக் குறையுங்கள். ஆறு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, உடம்பு கொதிக்கிறது, பிள்ளை துவண்டு கிடக்கிறது என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வீட்டிலேயே ஒரு கணக்கு வைப்பதும் கஷ்டமில்லை. தினசரி நாள்காட்டித் தாளைக் கிழித்துப் போடாமல் அதன் பின்பக்கம் ஒரு வரி எழுதினால் ஆயிற்று: வெயில், மேகம், கடல் காற்று எத்தனை மணிக்கு வந்தது, முந்திரியில் பூ எப்படி. மழையை அளக்க, அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கும் தட்டை அடி டப்பா ஒன்றை மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வையுங்கள். மறுநாள் காலை எட்டரை மணிக்கு ஸ்கேலை விட்டுப் பாருங்கள். வானிலைக்காரர்களின் மழை நாள் எட்டரைக்கு எட்டரைதான். அதனால்தான் திங்கள் ராத்திரி கொட்டிய மழை செவ்வாய்க் கணக்கில் வருகிறது.

டப்பாவில் ஒரு மில்லிமீட்டர் நின்றால், ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் பெய்ததே, அது சதுர மீட்டருக்கு 480 லிட்டர். 15 லிட்டர்க் குடத்தில் 32 குடம். ஒரு பாய் விரிக்கிற இடத்தில் அதைவிட இன்னும் கூட!

அப்புறம், ரேடியோவில் "கடலூர் துறைமுகத்தில் 1-ம் எண் கூண்டு" என்று சொன்னால் புயல் சின்னம் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். 8, 9, 10 எல்லாம் பெரிய அபாயம். 11 என்றால் தகவல் தொடர்பே அற்றுப்போயிற்று. 1-ம் எண் சித்திரையில் ஏறினாலும் மாடியில் காயும் வடகத் துணியைச் சுருட்டி உள்ளே வைத்துவிட வேண்டியதுதான்.