இரண்டரை லட்சமும் இரவல் காமிராவும்

பிரிவினைக்குப் பிறகும் பாகிஸ்தான் போக மனமில்லாத ஆக்ரா காலணி உற்பத்தியாளர் சலீம் மிர்ஸாவின் கதை 'கரம் ஹவா'. அந்த அனல் காற்று தயாரிப்பாளர்களையும் விட்டுவைக்கவில்லை.

திரைப்பட நிதிக் கழகம் தந்த கடன் இரண்டரை லட்சம் ரூபாய். மீதி ஏழரை லட்சத்தை இயக்குனர் எம்.எஸ். சத்யு நண்பர்களிடம் திரட்டினார். காமிராவும் ஒற்றை லென்ஸும் இரவல். ஒலிப்பதிவுக் கருவிக்கு வசதியில்லை. சத்தமில்லாமல் படம்பிடித்து, பிறகு குரல் சேர்த்தார்கள். படப்பிடிப்புக்கு எதிர்ப்பு கிளம்பவே, பிலிம் போடாத காமிராவுடன் ஒரு போலிக் குழுவை வேறு இடங்களுக்கு அனுப்பிக் கூட்டத்தைத் திசைதிருப்ப வேண்டியிருந்தது.

டப்பிங்கை முடித்துக் கொடுத்த மறுநாள், 1973 ஏப்ரல் 13ல், நாயகன் பல்ராஜ் சாஹ்னி மாரடைப்பால் காலமானார். படம் தயார். ஆனால் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. மதக் கலவரம் மூளும் என்று அஞ்சிய தணிக்கைத் துறை அனுமதி தராமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. கடன் வாங்கி எடுத்தவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

ஒருவழியாக 1974ல் பெங்களூரில் படம் திரையிடப்பட்டது. பிறகு விருது வந்தது. எந்தப் பிரிவில்? தேசிய ஒருமைப்பாட்டுக்கான சிறந்த படம்! ஒற்றுமை கெடும் என்று தடுத்துவைத்ததும் அரசு, ஒற்றுமை வளர்த்ததாகப் பாராட்டியதும் அரசு. நடுவில் போன மாதங்களுக்குத்தான் யாரும் ஈடு தரவில்லை.