தலை முட்டும் குழந்தை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்குவோரும், ஆவடி டாங்கித் தொழிற்சாலையின் ஊழியர் குடும்பங்களும், பூந்தமல்லிச் சாலையோரத்து அடுக்குமாடிகளில் புதிதாகக் குடியேறியோரும் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்கிற சென்னையின் மேற்குப் புறநகரில், ஒரு வீட்டுக் குழந்தை தூங்கப் போகுமுன் சுவரில் தலையை முட்டிக்கொண்டால் அந்தச் சப்தம் அடுத்த போர்ஷன் வரையில் கேட்கும். கேட்டவர்கள் சும்மா இருப்பதில்லை. பிடிவாதம் என்பார் ஒருவர். திருஷ்டி, மிளகாய் சுற்றிப் போடு என்பார் இன்னொருவர். உரம் விழுந்திருக்கிறது, புடவையில் போட்டு உருட்டி எடுக்க வேண்டும் என்று மூன்றாமவர் ஒரு பாட்டியின் விலாசத்தையே கொடுத்துவிடுவார். மிளகாயினால் நெடியைத் தவிர வேறு கெடுதல் இல்லை. ஆனால் பச்சைக் குழந்தையைத் துணியிலிட்டு உருட்டிக் குலுக்குவதோ, தலை முட்டுவதைக் காட்டிலும் பன்மடங்கு அபாயகரமானது.

வைத்திய சாஸ்திரத்துக்கு இந்தத் தலை முட்டல் புதிய சங்கதியன்று. 1905-ஆம் ஆண்டிலேயே வியன்னா நகரத்து வைத்தியர் ஸாப்பெர்ட் இதற்கு லத்தீனில் நீண்டதொரு பெயர் சூட்டினார். இன்றைய நித்திரை ஆராய்ச்சியாளர்கள், மல்லாந்து படுத்தபடி தலையை இருபுறமும் உருட்டுவது, மண்டியிட்டு உடலை முன்னும் பின்னும் ஆட்டுவது ஆகியவற்றோடு இதனையும் சேர்த்து, உறக்கத்தைச் சார்ந்த தாள அசைவுகள் என்று ஒரே வகுப்பில் வைக்கிறார்கள். இவற்றுள் ஏதேனும் ஒன்று ஒன்பதாம் மாதத்தில் நூற்றுக்கு 59 குழந்தைகளிடமும், பதினெட்டாம் மாதத்தில் 33 குழந்தைகளிடமும், ஐந்து வயதில் 5 குழந்தைகளிடமும் காணப்படுவதாக அவர்களுடைய கணக்கு. தலை முட்டுவோர் மட்டும் இதைவிடக் குறைவு. அவர்களிலும் ஆண் குழந்தைகளே அதிகம். இரண்டு விநாடிக்கு ஒரு முறை முதல் விநாடிக்கு இரண்டு முறை வரை என்ற ஒழுங்கில், பெரும்பாலும் கால் மணி நேரத்துக்கு மேற்படாமல் முட்டிவிட்டுக் குழந்தை உறங்கிவிடும்.

ஏன் முட்டுகிறது என்பதே சுவாரஸ்யமான பகுதி. கருவிலிருக்கும்போதே தாயின் நடைக்கேற்ப ஆடிப் பழகிய சிசுவுக்கு, உட்செவியில் அமைந்து உடலின் சமநிலையையும் அசைவையும் உணர்த்துகிற அந்த நுண்ணிய உறுப்பின் வழியாக வந்து சேரும் ஒரே சீரான ஆட்டம், மனத்தை அடக்கி நித்திரையைக் கூட்டுவிக்கும் மருந்தாகிறது. பெரியவர்களும் இதற்கு விலக்கல்லர். ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2011-இல் பன்னிரண்டு ஆடவரைப் பகல் தூக்கத்தின்போது நான்கு விநாடிக்கு ஒரு முறை ஆடும் கட்டிலில் படுக்கவைத்துப் பரீட்சித்ததில், அசையாத கட்டிலில் உறங்கியதைவிட விரைவாகவே அவர்கள் உறங்கிப்போனார்கள். தூளி கட்டிய நம் பாட்டிமார் எந்த ஆராய்ச்சியும் செய்யாமலே கண்ட உண்மை இது. இன்றைய வாடகை வீடுகளில் விட்டத்தில் கொக்கி மாட்ட வீட்டுக்காரர் சம்மதிப்பதில்லை. அதனால்தான் குழந்தைகள் முட்டுகின்றன என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, எனினும் ஆட்டம் வேண்டியிருக்கும் குழந்தை, ஆட்டுவார் இல்லாதபோது தானே ஆடிக்கொள்ளும் என்பதில் வியப்பென்ன?

இப்படித் தானே அசைவைத் தேடிக்கொள்வதைப் பார்வையற்ற குழந்தைகளிடமும் காணலாம்; பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் பூந்தமல்லியில்தான் இருக்கிறது. பிறவியிலேயே பார்வை இழந்த குழந்தைகளிடம் உடலை முன்பின்னாக ஆட்டுவதும், தலையை உருட்டுவதும், கண்ணை விரலால் அழுத்துவதும் சகஜமென்பது அத்துறையினர் நெடுநாளாக அறிந்தது. கண்வழி வராத உணர்ச்சியை அசைவின் வழியாகத் தேடிக்கொள்வதாக இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள்.

உறக்கத்தோடு சம்பந்தமில்லாத முட்டலும் உண்டு. பல் முளைக்கும் உபத்திரவத்தினாலோ காது வலியினாலோ முட்டுகிற குழந்தை, ஒரு வலியை இன்னொரு உணர்ச்சியால் மறைக்கப் பார்க்கிறது. அப்போது காதைப் பரிசோதிக்கச் செய்ய வேண்டுமேயன்றி, எண்ணெய் காய்ச்சி ஊற்றலாகாது. சொல்ல வார்த்தை வராத ஒன்றரை வயதுக் குழந்தை, கேட்டது கிடைக்காத கோபத்தில் சிமெண்டுத் தரையில் முட்டினால், வீடு முழுவதும் ஓடிவந்து சூழ்ந்துகொள்வதும் தவறு, அடிப்பது அதனினும் தவறு. அருகிலிருந்தபடி, குழந்தையை மெத்தைப் பக்கமாக நகர்த்திவிட்டு, கோபம் தணிந்தபின் அணைத்துக்கொள்வதே உசிதம்.

இரவு முட்டலுக்கு நாம் திருத்த வேண்டியது இடத்தை. படுக்கையைச் சுவரிலிருந்து விலக்கிப் போடுங்கள். கட்டிலின் திருகாணிகளை முடுக்கிவிடுங்கள். தரையில் மெத்தை போட்டுப் படுக்கவைப்பது எல்லாவற்றிலும் எளிது. ஒரு வயது நிரம்பாத சிசுவைச் சுற்றித் தலையணை அடுக்குவது மட்டும் வேண்டாம்; மூச்சு முட்டிப்போகும் அபாயம் முட்டலைவிடப் பெரிது. பகலில் இடுப்பில் தூக்கி நடப்பதும், ஊஞ்சலாட்டுவதும், நாள்தோறும் ஒரே நேரத்தில் விளக்கணைத்துத் தாலாட்டுவதும் பலருக்குப் பலித்திருக்கின்றன. பலிக்காவிட்டாலும் பாதகமில்லை, பெரும்பாலான குழந்தைகள் மூன்று நான்கு வயதுக்குள் தாமாகவே விட்டுவிடுகின்றன.

ஆயினும் சிலர் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டி எதையும் காட்டாத குழந்தை, பேசிய சொற்களை இழந்துவிட்ட குழந்தை, பகலெல்லாம் முட்டிக் காயப்படுத்திக்கொள்ளும் குழந்தை, முட்டும்போது உடல் விறைத்து நினைவு தப்பும் குழந்தை ஆகியோரை உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரு முறை பரிசோதிக்க மருத்துவக் குழு வரும். அங்கே சொல்லலாம், ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலும் காட்டலாம். போகுமுன் அந்த அசைவைக் கைபேசியில் ஒரு நிமிஷம் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வைத்தியரின் அறையில் குழந்தை முட்டிக் காட்டாது.