போர்த் தொழில்நுட்பமும் சொற்பொருட் பொறுப்பும்

சொல்லின் பொருள் சமூக உறவுகளால் நிர்ணயிக்கப்படுவது என்பதை இலக்கிய ஆய்வில் வற்புறுத்திவரும் நாம், படைக்கலத் தொழில்நுட்பம் பற்றிய எழுத்துக்களைப் பொறியியலாளரின் விடயமெனக் கருதி ஒதுக்கிவிடுகிறோம். இவ்வொதுக்கம் தவறானது என்பதை 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் ஐக்கிய அமெரிக்கா பயன்படுத்திய பேற்றியட் ஏவுகணையின் வரலாறு தெளிவுறுத்தும்.

அவ்வாண்டு பெப்ரவரி 15இல், பேற்றியட்டை உற்பத்திசெய்யும் றேதியன் நிறுவனத்தின் தொழிற்சாலையில் உரையாற்றிய ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ், எதிர்கொள்ளப்பட்ட 42 ஈராக்கிய ஸ்கட் ஏவுகணைகளுள் 41 இடைமறிக்கப்பட்டன என்றார். அவை அழிக்கப்பட்டன என்றே மக்கள் விளங்கிக்கொண்டனர். ஆனால், 1992இல் காங்கிரஸ் விசாரணையில் இராணுவ உயரதிகாரி ஒருவர் அளித்த விளக்கம் வேறு: 'இடைமறித்தல்' என்பது வானில் இரு ஏவுகணைகளின் பாதைகளும் குறுக்கிட்டன என்பதையே குறிக்கும். வெடிமுனை அழிக்கப்பட்டமைக்கு வலுவான சான்று ஏறத்தாழ 9 சதவீதமான சந்தர்ப்பங்களில் மட்டுமே உண்டென அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் அதே ஆண்டிற் கூறியது.

இரண்டாவது உதாரணம் இதனினும் கொடியது. பேற்றியட்டின் கணனி நேரத்தைப் பத்திலொரு செக்கன்களாக எண்ணியது. பத்திலொன்றைத் துவித எண்முறையில் முற்றாக எழுதவியலாது. வெட்டப்பட்ட சிறு பின்னம், கணனி இடையறாது இயங்குகையிற் பெருகிச் சென்றது. பெப்ரவரி 11இல் இஸ்ரவேலர் இக்குறைபாட்டைத் தெரிவித்தனர். 21இல் படைப்பிரிவுகளுக்கு அனுப்பப்பட்ட அறிவித்தல், 'மிக நீண்ட நேரம்' இயக்கினால் இலக்கு பிறழலாம் என்றது. எத்தனை மணித்தியாலம் என்று கூறவில்லை. 25ஆம் திகதி சவூதி அரேபியாவின் தஹ்ரானில் 100 மணித்தியாலங்களுக்கு மேலாக இயங்கிய கணனியின் நேரப் பிழை ஏறத்தாழ 0.34 செக்கன்; அதனால் நேர்ந்த இடப் பிழை அரைக் கிலோமீற்றரினும் அதிகம். ஸ்கட் தடையின்றி வீழ்ந்து, விடுதியிலிருந்த 28 அமெரிக்கப் படையினர் மாண்டனர். அவர்களுள் 13 பேர் குடிநீர் சுத்திகரிப்புப் பணிக்கென வந்த சேமப் படையினர். திருத்திய செய்நிரல் மறுநாளே அங்கு வந்துசேர்ந்தது. கணனியை நிறுத்தி மீள இயக்கியிருப்பின் பிழை நீங்கியிருக்கும். அதற்குச் சில நிமிடங்களே போதும்.

இரு சந்தர்ப்பங்களிலும் நேரடிப் பொய் கூறப்படவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. சொல்லின் எல்லை வரையறுக்கப்படாமல் விடப்பட்டது. அதன் இலாபம் உற்பத்தியாளரையும் ஆட்சியாளரையும் சார்ந்தது. நட்டம் கீழ்நிலைப் படையினரைச் சார்ந்தது. இராணுவ இரகசியத்தைப் பேணுதல் வேறு, சொல்லின் பொருளை மறைத்தல் வேறு. எனவே, படைக்கலம் பற்றி எழுதுவோர் வெற்றி என எதனை எண்ணினர், எண்ணியவர் யார், கருவி எந்த எல்லைவரை செயற்படும் என்பவற்றை வெளிப்படையாகக் கூறக் கடமைப்பட்டவர். அவ்வாறு கூறப்படாதவிடத்து அவற்றை வினவுதல் விமர்சகரின் கடமையாகும்.