சிறு வலைத்தளங்களின் புதுப்பிப்பும் மேற்கோளின் நிலைப்பும்: பேச்சிப்பாறைத் தகவல்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஊர் வரலாறு, நீர்நிலை, வேளாண்மை ஆகியவை குறித்துத் தனியாளோ சிறு குழுவோ நடத்தும் வலைத்தளங்கள் இன்று ஆய்வேடுகளில் சான்றாதாரங்களாக இடம்பெறுகின்றன. அத்தளங்களைப் புதுப்பிக்கும் முறை ஆய்வாளருக்குத் துணையாவதும் இடையூறாவதும் எவ்வாறு என்பதைப் பேச்சிப்பாறை தொடர்பான தகவல்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வலைத்தளம், புதுப்பித்தல், மேற்கோள், பேச்சிப்பாறை, கோதையாறு, ஒருங்குறி

தகவல் பழையதாகும் வேகம்

வலைத்தளத்தைப் புதுப்பித்தல் என்றவுடன் முகப்பில் புதிய செய்தி சேர்ப்பதே பலர் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒரு தளத்தின் நம்பகத்தன்மை குலைவது பெரும்பாலும் முகப்பில் அன்று. எவரும் திரும்பிப் பாராத உட்பக்கங்களில்தான். எல்லாத் தகவலும் ஒரே வேகத்தில் பழையதாவதில்லை என்பதே இதற்குக் காரணம்.

பேச்சிப்பாறை குறித்துப் பத்துப் பக்கங்கள் கொண்ட ஒரு தளத்தை எண்ணிப் பார்க்கலாம். மூலம் திருநாள் மன்னர் காலத்தில், பொறியாளர் மிஞ்சின் மேற்பார்வையில், கோதையாற்றின் குறுக்கே எழுந்த அணை 1906-இல் நிறைவுற்றது என்பது ஒரு தகவல். புதிய ஆவணம் கிடைத்தாலன்றி இது மாறப்போவதில்லை. 1956 நவம்பர் 1-இல் இப்பகுதி தமிழகத்துடன் இணைந்தது என்பதும் அத்தகையதே. இவற்றுக்கு நேர்மாறானது அணையின் நீர்மட்டம். 48 அடிக் கொள்ளளவில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பது நாள்தோறும் மாறும்.

இவ்விரண்டும் வாசகரைத் தவறாக வழிநடத்துவது அரிது. நீர்மட்டம் மாறும் என்பதை யாவரும் அறிவர். தேதியில்லாத நீர்மட்டத்தை எவரும் சான்றாகக் கொள்வதில்லை. இடர் தருபவை இடைப்பட்ட தகவல்களே. கன்னியாகுமரி மாவட்டம் நான்கு வட்டங்களை உடையது என்னும் கூற்று நெடுங்காலம் உண்மையாக இருந்தது. பின்னர்க் கிள்ளியூர், திருவட்டாறு ஆகிய வட்டங்கள் உருவானதால் எண்ணிக்கை ஆறாயிற்று. பழைய கூற்று நிலைத்த உண்மை போன்ற தோற்றத்துடன் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும். ஆய்வேட்டின் 'ஆய்வுக்களம்' இயலுக்குள் ஐயமின்றிப் புகுந்துவிடும். நிழற்படங்களும் இவ்வகையினவே. உலக வங்கி உதவியுடன் நடைபெற்ற அணைகள் புனரமைப்பு மற்றும் மேம்பாட்டுத் திட்டத்தில் பேச்சிப்பாறை அணையும் இடம்பெற்றது. எடுத்த ஆண்டு குறிக்கப்படாத படம் அப்பணிகளுக்கு முந்தைய அணையைக் காட்டுகிறதா, பிந்தைய அணையைக் காட்டுகிறதா என்பதை வெளியூர் ஆய்வாளர் அறிய வழியில்லை.

ஆகவே 'இன்று', 'தற்போது', 'அண்மையில்' என்னும் சொற்களே சிறு தளத்தின் முதற்பகை. அச்சு நூலில் இச்சொற்கள் பதிப்பாண்டைச் சார்ந்து பொருள் தரும். வலைப்பக்கத்தில் அத்தகைய பற்றுக்கோடு இல்லை. அச்சொற்கள் நிற்குமிடத்தில் ஆண்டையோ மாதத்தையோ இடுவது ஒருநாள் உழைப்பு. அதன்பின் அப்பக்கம் பழையதானாலும் பொய்யாவதில்லை.

சரிபார்ப்புக்கு ஒரு நாட்காட்டி

இருவர் அல்லது மூவர் நடத்தும் தளத்தில் எல்லாப் பக்கங்களையும் ஓயாமல் கண்காணித்தல் இயலாது. தகவல் எப்போது மாறக்கூடுமோ அப்போது பார்ப்பதே நடைமுறைக்கு உகந்தது. இதற்கு நாஞ்சில் நாட்டின் வேளாண் ஆண்டே ஒரு சட்டகம் தருகிறது. கோதையாற்றுப் பாசன அணைகள் வழக்கமாக ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டு, கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு பருவ நெல்லுக்கும் நீர் தந்து, பிப்ரவரி இறுதியில் அடைக்கப்படுகின்றன. பாசனம், பயிர், நீர் திறப்பு ஆணை பற்றிய பக்கங்களை ஜூனிலும் மார்ச்சிலும் சரிபார்த்தால் போதும். ஆட்சிப் பிரிவுகள் பற்றிய பக்கத்துக்கு ஆண்டுக்கொரு முறை போதுமானது. வரலாற்றுப் பக்கத்தைப் புதிய சான்று கிடைக்கும்போது மட்டும் தொடலாம்.

அன்றாட நீர்மட்டத்தைச் சிறு தளம் ஏற்றுக்கொள்ளாமல் இருப்பதே நன்று. நாள்தோறும் இட இயலாத எண்ணை இடத் தொடங்கிப் பாதியில் விட்ட பக்கம், தளம் முழுவதுமே கைவிடப்பட்டது என்ற எண்ணத்தைத் தோற்றுவிக்கும். பக்கத்தின் அடியில் தானாகவே அன்றைய தேதியைக் காட்டும் நிரலும் இதற்கு இணையான கேடு; சரிபார்க்காத ஒன்றைச் சரிபார்த்ததாக அது காட்டுகிறது.

திருத்தமும் மேற்கோளும்

இனி, ஆய்வாளரை நேரடியாகத் தொடும் சிக்கல் ஒன்றுண்டு. தளம் புதுமையாக இருத்தல் வாசகரின் தேவை. தாம் கண்ட வடிவம் கிடைத்தல் மேற்கோள் காட்டியவரின் தேவை. 'நான்கு' என்பதை 'ஆறு' என ஓசையின்றி மாற்றினால் பக்கம் சரியாகிவிடும். ஆனால் முன்னர் அதை மேற்கோள் காட்டியவர் தவறாக எடுத்தெழுதியவர் போலத் தோன்றுவார். விக்கிப்பீடியா இதற்கு வரலாற்றுப் பக்கத்தின் வழித் தீர்வு கண்டுள்ளது. ஒவ்வொரு திருத்தமும் நேரத்துடன் பதிவாகிறது. பழைய வடிவம் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி உண்டு. அத்தகைய மென்பொருள் இல்லாத தளத்தில் பக்கத்தின் முடிவில் ஒரு வரி போதும்: எந்த மாதத்தில், எது, எவ்வாறு மாற்றப்பட்டது என்று.

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் இங்குக் கருதத்தக்கவை. தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் முதலியோர் பெயர்கள் நூலின் முகப்பிலேயே தரப்படுகின்றன. தொடக்கத்தில் டிஸ்கி குறியேற்றத்தில் அமைந்த நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. இம்மாற்றத்தைச் செய்யாத பல தமிழ்ப் பக்கங்கள் இன்று உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே காட்சியளிக்கின்றன. அவற்றின் சொற்கள் அழியவில்லை, படிக்கத்தான் முடியவில்லை. புதுப்பித்தலில் உள்ளடக்கத்துக்கு இணையாகக் குறியேற்றமும் அடங்கும் என்பதற்குத் தமிழைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுத் தேடவேண்டியதில்லை.

முகவரி மாற்றம் இவற்றினும் கடுமையானது. வையவிரி வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று 1998-லேயே வலியுறுத்தினார். தளத்தின் தோற்றத்தை மாற்றும்போது பக்கப் பெயர்களையும் மாற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. பழைய முகவரியிலிருந்து புதியதற்கு ஆற்றுப்படுத்தும் ஏற்பாடு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. இலவச இடத்தை நம்பிய தளங்களின் நிலை இன்னும் நலிந்தது. 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் சேவை மூடப்பட்டபோது அதிலிருந்த பக்கங்களுள் பிறர் படியெடுத்து வைத்தவையே எஞ்சின.

படியெடுக்கும் பணியைத் தளம் நடத்துவோரிடம் மட்டும் விட்டுவிட வேண்டியதில்லை. 1996-இல் தொடங்கிய இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் எவரும் ஒரு பக்கத்தின் அன்றைய வடிவத்தைச் சேமிக்கலாம். திருவட்டாறு வட்டம் பற்றியோ கோதையாற்றுப் பாசனம் பற்றியோ ஒரு சிறு தளத்திலிருந்து தகவல் எடுக்கும் ஆய்வாளர், பார்த்த நாளைக் குறிப்பதோடு, அந்நாளிலேயே அப்பக்கத்தைச் சேமித்து அச்சேமிப்பின் முகவரியையும் அடிக்குறிப்பில் தரலாம். பக்கம் பின்னர்த் திருத்தப்பட்டாலும், தேர்வாளர் அடிக்குறிப்பைச் சொடுக்கும்போது ஆய்வாளர் கண்ட வடிவமே திறக்கும்.