படிவம் 12டி-யும் காய்ச்சல் வரும் தேதியும்

2021 ஏப்ரல் 6 அன்று தமிழகம் சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்தபோது, நாளொன்றுக்கு 3,600 பேருக்கு மேல் கொரோனா உறுதியாகிக்கொண்டிருந்தது. அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் செங்கல்பட்டும் ஒன்று. தேர்தல் ஆணையம் சும்மா இருக்கவில்லை. ஒரு சாவடிக்கு ஆயிரம் வாக்காளர் என்று வரம்பு வைத்ததில், மாநிலத்தில் சாவடிகள் 88,000-ஐத் தாண்டின. வாசலில் வெப்பமானி, கிருமிநாசினி, கைக்கு நெகிழி உறை. உடல் வெப்பம் கூடுதலாக இருந்தவருக்கு டோக்கன் கொடுத்து மாலை ஆறு மணிக்கு மேல் வரச் சொன்னார்கள். தொற்று உறுதியானவர்கள் கவச உடையில் வாக்களிக்கவும் அந்தக் கடைசி ஒரு மணி நேரம்தான். இவற்றுள் அதிகம் பலன் தரக்கூடியது சாவடிகளைப் பெருக்கியதே என்பேன். தனக்கு நோய் இருப்பது தெரியாமலே வருகிறவரிடமிருந்தும் வரிசையில் நிற்பவரை அது காக்கிறது.

ஆனால் படுக்கையில் கிடந்தவருக்குக் கிடைத்த வசதியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 80 வயது கடந்தோர், மாற்றுத்திறனாளிகளோடு கொரோனா நோயாளிகளும் தபால் ஓட்டுப் போடலாம் என்றார்கள். அதற்கான படிவம் 12டி-யை, மார்ச் 12-இல் அறிவிக்கை வெளியானதிலிருந்து ஐந்து நாளுக்குள் தர வேண்டும். வாக்குப்பதிவோ ஏப்ரல் 6. மார்ச் நடுவில் தொற்றிய பெரும்பாலோர் அதற்குள் தேறி எழுந்திருப்பார்கள். மார்ச் 30-இல் காய்ச்சல் கண்ட மாமல்லபுரத்துக்காரருக்கோ விண்ணப்பிக்கவே வழியில்லை. யாருக்குத் தேவையோ அவரைத் தவிர்த்துவிட்டு மற்றவருக்குக் கதவு திறந்தது இந்த விதி. கோவளத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ தனிமையில் இருப்பவர் ஆட்டோ பிடித்துத்தான் சாவடிக்கு வர வேண்டுமென்றால், அந்த ஓட்டுநருக்கு எந்தக் கவச உடை?

வீட்டிலேயே போடும் இந்தத் தபால் ஓட்டில் ரகசியம் நிற்குமா என்ற கேள்வி நியாயமானது. தபால் ஓட்டை எதிர்த்து திமுக உயர் நீதிமன்றம் சென்றது. 2021 மார்ச்சில் மனு தள்ளுபடியானது. வழக்கு முடிந்தாலும் அச்சம் முடியவில்லை, மகன் பக்கத்தில் நின்றால் தாய் யாருக்குப் போடுவார் என்பது நம் ஊர் அறிந்த சங்கதி. அதற்கு மருந்து கண்காணிப்பு. அலுவலர் இருவர், காவலர், வீடியோ பதிவு, விரும்பினால் கட்சி முகவர்கள் என்ற ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. குடும்பத்தாரை வெளியே நிறுத்துவதில் கண்டிப்பு வேண்டும். விண்ணப்பக் கெடுவைத் தள்ளிவைக்க அவகாசம் போதாது என்பதையும் ஏற்க முடியவில்லை. வேட்புமனு வாபஸ் மார்ச் 22-இல் முடிந்த பிறகுதான் வாக்குச்சீட்டே அச்சாகிறது. அதன் பிறகும் இரண்டு வாரம் இருந்தது. நோயாளிகளின் முகவரியும் சுகாதாரத் துறையிடம் இருந்தது. தென் கொரியா 2020 ஏப்ரல் தேர்தலில் சிகிச்சை மையங்களிலேயே முன்கூட்டி வாக்குச்சாவடி அமைத்தது.

நோயாளிகள் சிலர்தானே என்று தள்ளவும் முடியாது. மாமல்லபுரம் அடங்கிய திருப்போரூர் தொகுதியில் அந்த முறை வெற்றி வித்தியாசம் வெறும் 1,947 வாக்குகள்.

கொரோனா நோயாளிகளைத் தபால் ஓட்டில் சேர்த்ததே 2020 ஜூனில் மத்திய அரசிதழில் வந்த ஒரு விதித் திருத்தம்தான். தொற்று நோயாளிகளுக்கு மட்டும் படிவம் 12டி-க்கான கெடுவை வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்புவரை நீட்டவும் அப்படியொரு திருத்தம் போதும். அடுத்த தொற்று வருமுன் அதைச் செய்துவிட வேண்டும்.