யன்னலுக்கு ஒரு சுருள்வில் தாழ்

சில வருடங்களுக்கு முன், பயிற்சி ஒன்றின் பொருட்டு இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள சிறிய நகரம் ஒன்றில் நாம் மூன்று மாத காலம் தங்க நேர்ந்தது. எமக்குத் தரப்பட்டது நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு செங்கல் வீடு. மாடியில் நாம் நால்வர் படுத்த அறைக்கு ஒரேயொரு யன்னல். எமது ஊர் யன்னல்களைப் போலப் பிணைச்சல் போட்டு வெளியே திறப்பதல்ல அது. மேலே ஒரு கண்ணாடிச் சட்டம், கீழே ஒரு கண்ணாடிச் சட்டம். கீழ்ச் சட்டத்தை இரு கைகளாலும் பிடித்து மேலே தள்ளினால் யன்னல் திறக்கும். பழைய ரயில் பெட்டிகளில் யன்னற் பலகையை உயர்த்திப் பழகிய வாசகர்களுக்கு இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

தள்ளினால் ஏறியது, கையை விட்டால் விழுந்தது. முன்பு அவ்வறையில் இருந்தவர்கள் விட்டுச் சென்ற விளக்குமாற்றுத் தடித் துண்டு ஒன்று யன்னலடியிலேயே கிடந்தது. அதைத்தான் முட்டுக் கொடுத்தோம். மூன்றாம் நாள் இரவு காற்று அடித்தது, தடி வழுகியது, காயப் போட்ட காலுறைகளை எடுத்துக்கொண்டிருந்த எம்மில் ஒருவரின் கைமேல் சட்டம் வந்து விழுந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் இரண்டு விரல் நகங்கள் கறுத்துப் போயின. பிரெஞ்சுக்காரர் இந்த யன்னலுக்குத் தலை வெட்டும் யந்திரமான ‘கில்லட்டின்’ என்பதன் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்பது எமக்குப் பின்னர்தான் தெரியவந்தது.

மறுநாள் காலை, வீட்டைப் பராமரிப்பவர் வயதான தச்சர் ஒருவரை அனுப்பி வைத்தார். அவர் தமது துணிப்பையிலிருந்து கட்டைவிரல் அளவான இரண்டு பித்தளைப் பொருட்களை எடுத்து யன்னல் விளிம்பில் வைத்தார். இக்கட்டுரை அவற்றைப் பற்றியது.

எடையில் தொங்கும் யன்னல்

இவ்வகை யன்னல் இங்கிலாந்தில் பரவத் தொடங்கியது பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1666இல் இலண்டன் மாநகரம் எரிந்து சாம்பலாகி மீண்டும் கட்டப்பட்ட காலம் அது. ஆங்கிலத்தில் இதன் சட்டத்துக்கு ‘சாஷ்’ என்று பெயர். லொறியின் அடிச்சட்டத்தை நாம் ‘செசி’ என்கிறோமே, அதுவும் இதுவும் ஒரே பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தவை. நாம் வழங்கும் ‘யன்னல்’ என்பதும் எமது சொல்லல்ல. போர்த்துக்கேயரின் ‘ஜனேலா’ கப்பலேறி வந்து எம்மிடம் தங்கிவிட்டது.

நகரை எரித்த தீயை அந்நாட்டவர் இலேசில் மறக்கவில்லை. யன்னலின் மரநிலை சுவரின் வெளி முகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளியிருக்க வேண்டும் என்று 1709இல் இலண்டனுக்கு ஒரு சட்டம் வந்தது. மரப்பெட்டியைச் செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கும்படி 1774இல் இன்னொரு சட்டம் வந்தது.

மரப்பெட்டி எதற்கு? அதற்குள்தான் சூட்சுமம் இருக்கிறது. ஏறத்தாழ மூன்றடி அகலமும் இரண்டரை அடி உயரமும் கொண்ட ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு மில்லிமீற்றர் கண்ணாடி சதுர மீற்றருக்குப் பத்துக் கிலோ நிறை உடையது. அந்தக் கணக்கில் கண்ணாடி மட்டும் ஏழு கிலோவை அண்மிக்கும். மரத்தையும் சேர்த்தால் பத்துக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். நிலையின் இரு பக்கமும் உள்ளே குடைவான பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஐந்து கிலோ அளவில் ஓர் இரும்புக் கட்டி, கப்பி மேலாகச் சென்ற கயிற்றில் தொங்குகிறது. கயிற்றின் மறுமுனை சட்டத்தில் கட்டப்பட்டிருக்கிறது. கிணற்றுத் துலாவில் கல்லைக் கட்டுவது போலத்தான் இதுவும். இதனால் ஒரு பிள்ளைகூடச் சட்டத்தை உயர்த்தலாம். விட்ட இடத்தில் அது நிற்கும். நல்ல தச்சர்கள் கீழ்ச் சட்டத்துக்குக் கட்டியைச் சற்று இலேசாகவும் மேற்சட்டத்துக்குச் சற்றுக் கனமாகவும் போடுவார்களாம். அப்போது இரண்டும் தாமாகவே மூடிய நிலையை நாடும்.

கயிறு அறுந்தால் எல்லாம் போயிற்று. எமது யன்னலில் வலப்பக்கக் கயிறு அறுந்திருந்தது. மறுபக்கக் கட்டி பாதி நிறையைத் தாங்க, மீதி ஐந்து கிலோ விரல்களைத் தேடிக்கொண்டிருந்தது.

எல்லா வீடுகளிலும் இந்தப் பெட்டியும் கப்பியும் இருந்ததில்லை. அவை காசுள்ளவனுடைய ஏற்பாடு. அமெரிக்காவின் பண்ணை வீடுகளிலும் தொழிலாளர் வீடுகளிலும் கட்டியில்லாத யன்னல்களே ஏராளமாக இருந்தன. அங்கே தடிக்குப் பதிலாகக் கைகொடுத்தது இந்தச் சுருள்வில் தாழ். தபாலில் பொருள் அனுப்பும் பெரிய கடைகளின் விலைப்பட்டியல்களிலும் அது இடம்பெற்றிருந்தது.

தாழின் அமைப்பு

அமைப்பு மிக எளிது. ஒரு சிறு பித்தளைக் குழாய். அதற்குள் ஓர் ஊசி. ஊசியைச் சுற்றி ஒரு சுருள்வில், அதாவது ‘ஸ்பிறிங்’. சட்டத்தின் பக்கமரத்தில் துளையிட்டுக் குழாயைப் படுக்கையாக இறக்குகிறார்கள். ஊசியின் தலை நிலையைப் பார்த்து நிற்கும். அதனோடு பொருத்திய சிறு குமிழ் அறையின் உட்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். குமிழை இழுத்தால் ஊசி குழாய்க்குள் ஒளிந்துகொள்ளும். விட்டால் வில் அதனை வெளியே தள்ளும். நிலையில் எங்கெங்கே துளை இருக்கிறதோ அங்கெல்லாம் ஊசி போய் நுழையும். நுழைந்த இடத்தில் யன்னல் நிற்கும். சுருள்வில்லின் விதியை, அதாவது எவ்வளவு விசையோ அவ்வளவு நீட்சி என்பதை, 1678இல் அச்சில் வெளியிட்டவர் றொபேட் ஹூக் என்ற விஞ்ஞானி. எரிந்த இலண்டனை அளந்து மீளக் கட்ட உதவியவர்களில் அவரும் ஒருவர். இந்த யன்னலைக் கண்டுபிடித்தவரும் அவரே என்று சிலர் சொல்வதுண்டு. அதற்குச் சான்று போதாது; வில்லின் விதி ஒன்றே அவருடைய பெயருக்குப் போதும்.

தச்சர் வேலை செய்வதை நாம் அருகிலிருந்து பார்த்தோம். நிலையில் அவர் ஒரு பக்கத்துக்கு மூன்று துளைகள் இட்டார். முதலாவது, யன்னல் முற்றாக மூடியிருக்கும்போது ஊசி நுழைவதற்கு. மூன்றாவது, முழுதாக உயர்த்தியபின் தாங்குவதற்கு. நடுவில் ஒன்று ஏன் என்று கேட்டோம். மூடிய இடத்திலிருந்து சரியாக நான்கு அங்குலம் மேலே அது இருந்தது. “இரவில் காற்று வேண்டாமா?” என்றார் அவர். அந்த இடைவெளியால் காற்று வரும், ஆள் வரமாட்டான், பிள்ளையும் வெளியே விழாது. தாழோ போட்டபடியே இருக்கும். நடுவிலுள்ள கொளுக்கியைப் பூட்டினால் யன்னலை முழுதாக மூடியாக வேண்டும். இங்கே பூட்டும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன.

துளைகள் ஒவ்வொன்றுக்கும் அவர் பித்தளை வளையம் அடித்தார். வெறும் மரத்தில் விட்டால் நிறை அழுத்தி அழுத்தித் துளை முட்டை வடிவமாகி, ஒருநாள் ஊசி நழுவிவிடுமாம். வழுக்கும் தடத்துக்கு எண்ணெய் போடாமல் மெழுகுதிரியைத் தேய்த்தார். எண்ணெய் தூசியைப் பிடித்துக்கொள்ளும் என்றார். உப்புக்காற்று வீசும் இடமென்றால் உள்ளிருக்கும் வில்லும் கறள் பிடிக்காத உலோகமாயிருக்க வேண்டும். வெளியே பித்தளை மினுங்க, உள்ளே உருக்கு வில் கறளேறி இறுகிப்போன தாழ் இருந்தும் பயனில்லை.

கள்ளனின் கத்தி

கறுத்த நகத்தோடு நின்ற நண்பர், நடுவில் ஏற்கனவே ஒரு கொளுக்கி இருக்கிறதே என்று காட்டினார். மேற்சட்டமும் கீழ்ச்சட்டமும் சந்திக்கும் குறுக்குமரங்களின்மேல், ஒரு கை திரும்பி எதிரேயுள்ள கொக்கியைக் கவ்வும் சாதாரண கொளுக்கி அது. தச்சர் சிரித்தார். கண்ணாடிக்குப் பசை பூசும் மெல்லிய தகட்டுக் கத்தியை எடுத்து, இரண்டு குறுக்குமரங்களுக்கும் இடையிலுள்ள நீக்கலில் விட்டு ஒரு தள்ளுத் தள்ளினார். கை திரும்பிவிட்டது. பத்து விநாடிகூடச் செல்லவில்லை. வெளியே நிற்பவனுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

இதற்காகத்தான் பிற்காலக் கொளுக்கிகளிலும் வில் புகுந்தது. கை மூடிய இடத்துக்கு வந்ததும் வில்லால் தள்ளப்படும் ஒரு சிறு பல் அதனைப் பிடித்துக்கொள்கிறது. உட்பக்கத்திலுள்ள பொத்தானைப் பெருவிரலால் அழுத்தினாலொழியக் கை அசையாது. கத்திக்கு அந்தப் பொத்தான் எட்டாது. திருகாணி போட்டு இறுக்கும் வகையும் உண்டு. அது இரண்டு சட்டங்களையும் நெருக்கி, காற்றுப் புகும் நீக்கலையும் அடைக்கிறது; ஆனால் திறக்க நேரமெடுக்கும்.

உள்ளே இருப்பவர்

இந்த நேரம் என்பதுதான் விடயத்தின் உயிர்நாடி. தாழ் என்றவுடன் நாம் வெளியே நிற்பவனை நினைக்கிறோம். உள்ளே இருப்பவரை நினைப்பதில்லை. பழைய இங்கிலாந்து வீடுகளில், வருடா வருடம் பூசிய பெயின்ற் இறுகி, யன்னலே நிலையோடு ஒட்டிப்போவது வழக்கம். அதற்குப் பூட்டும் தேவையில்லை, திறப்பும் உதவாது.

2012 செப்டெம்பர் 11ஆம் திகதி கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்தபோது 250 பேருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீ எவ்வாறு பற்றியது என்பது வேறு வழக்கு. யன்னல்களில் இரும்புக் கம்பிகள் இருந்தன. வெளியேறும் வாயில்கள் பூட்டியிருந்தன. அங்கே தாழ்கள் எல்லாம் தமது வேலையைச் சரிவரச் செய்தன என்றே சொல்ல வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. நியூயோர்க் நகரில் மாடி யன்னல்களால் பிள்ளைகள் விழுந்து இறப்பது பெருந்துயராயிருந்தது. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வாழும் மாடி வீடுகளின் யன்னல்களுக்குத் தடுப்புக் கம்பி போட வேண்டும் என்று 1976இல் அங்கே விதி வந்தது. ஆனால் தீயில் தப்பும் ஏணிப்படிக்குச் செல்லும் யன்னலுக்கு மட்டும் அத்தடுப்புப் போடலாகாது என்றும் அதே விதி கூறியது. இரண்டு பயங்களையும் ஒன்றாக எண்ணிப் பார்த்து எழுதப்பட்ட விதி அது. இன்று அமெரிக்காவில் விற்கப்படும் பல யன்னல்களில், சட்டம் நான்கு அங்குலத்துக்குக் குறைவாகத் திறந்ததும் தானாகத் தடுத்து நிறுத்தும் சிறு வில்தடை இருக்கிறது. பெரியவர் ஒருவர் திறப்போ ஆயுதமோ இல்லாமல் அதனை விலக்கி முழுதாகத் திறக்கலாம். எமது தச்சரின் நடுத்துளையும் இதுவும் ஏறக்குறைய ஒரே கணக்குத்தான்.

தப்பிச் செல்லும் யன்னலின் திறந்த பகுதி குறைந்தது 0.33 சதுர மீற்றர் இருக்க வேண்டும். அகலமோ உயரமோ 45 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. இங்கிலாந்தின் கட்டட வழிகாட்டி கூறும் அளவு இது. எமது வீடுகளில் பெரும்பாலானவற்றில் யன்னலைத் திறந்தாலும் அதன் பின்னே அசையாத இரும்புக் கம்பி நிற்கிறது. எல்லாவற்றையும் கழற்றச் சொல்லவில்லை. கள்ளன் எமது ஊரிலும் உண்டு. படுக்கையறை ஒன்றின் கம்பிச் சட்டத்தையாவது பிணைச்சலில் பொருத்தி, உள்ளிருந்து கையால் இழுக்கக்கூடிய ஒரு வில்தாழைப் போட்டுக்கொள்ள ஊர் ஒட்டுவேலைக்காரரே போதும். கம்பிக்கூடாகக் கையை விட்டு எட்ட முடியாதபடி தாழைத் தகட்டால் மறைக்க வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். பூட்டுப் போட்டுத் திறப்பை அலுமாரியில் வைப்பது சரிவராது. புகை நிறைந்த அறையில் அலுமாரி எங்கே என்று யாருக்குத் தெரியும்? ‘சாவி’ என்ற போர்த்துக்கேயச் சொல்லை விட்டு, நாம் இலங்கையில் ‘திறப்பு’ என்று சொல்லி வருவது எமக்குப் பிடித்தமானது. பூட்டுவதற்கும் அதுதான் உதவுகிறது என்றாலும், திறப்பதை வைத்தே பெயரிட்டார்கள்.

மீண்டும் எமது மாடியறைக்கு வருவோம். இரு பக்கமும் தாழ்களைப் பொருத்தி முடித்த தச்சர், திரைச்சீலையை இழுத்து அறையை இருட்டாக்கினார். பின் எம்மில் கை அடிபட்டவரையே அழைத்துக் கண்களை மூடிக்கொண்டு யன்னலைத் திறக்கச் சொன்னார். அவரால் முடியவில்லை. நல்ல கையால் இடப்பக்கக் குமிழை இழுத்தார். வலப்பக்கத்துக்குக் கையை மாற்றியதும் இடப்பக்க ஊசி மீண்டும் துளைக்குள் பாய்ந்துவிட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் இழுக்க இரண்டு கைகள் வேண்டும். சட்டத்தை உயர்த்த மூன்றாவது கையும் வேண்டும். தச்சர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்னர் இரண்டையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவும் தடியைத்தான் வைத்தோம். அடுத்த நாள் அவர் வேறு இரண்டு தாழ்கள் கொண்டு வந்தார். பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் குமிழை இழுத்துக் கால் சுற்றுத் திருப்பினால் ஊசி உள்ளேயே நிற்கும். மறுபடி திருப்பினால்தான் வில் அதனைத் தள்ளும். ஒரு பக்கத்தைத் திருப்பி நிறுத்திவிட்டு ஆறுதலாக மறுபக்கம் போகலாம். திரைச்சீலை மீண்டும் இழுக்கப்பட்டது. நண்பர் கண்களை மூடியபடி இடக்கையால் தடவினார். தச்சர் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். பதினான்கில் யன்னல் ஏறியது.

முதலில் கொண்டு வந்த தாழ்களுக்கு அவர் காசு வாங்கவில்லை. அறுந்த கயிற்றைக் கோடை காலத்தில் வந்து மாற்றித் தருவதாகச் சொன்னார். அதற்குள் எமது பயிற்சி முடிந்து நாம் ஊருக்குத் திரும்பிவிட்டோம்.