மலைக் கோயிலில் இரவு தங்க, எந்தப் பாய் ஏற்றது?

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. அங்கிருந்து மேலும் ஏறினால், 5,300 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் சேர்வராயன் குகைக்கோயில். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வழிவழியாக வணங்கிவரும் சேர்வராயனும் காவேரியம்மனும் அங்கே அருள்பாலிக்கின்றனர். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார அன்பர்கள் திரளாக வருவர். அவ்வாறு செல்லும் முதியோர் மண்டபத்திலோ, உறவினர் இல்லத்திலோ தரையில் படுக்க நேரிடுவதுண்டு. மறுநாள் காலை இடுப்பு பிடித்துக்கொண்டால் தரிசனமே தடைப்படும். ஆகவே, உடன் எடுத்துச் செல்லும் பாயைப் பற்றிச் சற்றுச் சிந்திப்பது நலம்.

சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6 டிகிரி வெப்பம் குறையும் என்பதால், மலைமேல் ஏழு டிகிரி அளவுக்குக் குளிர் கூடுதல். போர்வை மேலிருந்து வரும் குளிரைத் தடுக்கும். ஆனால் உடலின் வெப்பத்தைத் தரை இடைவிடாது கவர்ந்துகொண்டேயிருக்கும். போர்வையை மடித்துக் கீழே விரித்தாலும், உடற்பாரத்தால் அது நசுங்கி, அதனுள் இருக்கும் காற்று வெளியேறிவிடும். குளிரைத் தடுப்பது துணியன்று, அதனுள் அடங்கிய காற்றே. தியானத்துக்குரிய ஆசனத்தைப் பற்றிக் கூறும் பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம், தர்ப்பை, மான்தோல், துணி ஆகியவற்றை அடுக்காக விரிக்கச் சொல்வது இங்கு நினைவுகூரத்தக்கது.

இனி, கிடைக்கும் வகைகளைக் காண்போம்.

கோரைப்பாய் இலேசானது, தரையின் ஈரத்தையும் தூசியையும் தடுக்கும். எனினும், குளிர்ந்த தரைக்கு அது மட்டும் போதாது.

ஃபோம் பாய் அரை கிலோவுக்கும் குறைவான எடையில் கிடைக்கிறது. நீரை உறிஞ்சாது, முள் குத்தினாலும் பயன் கெடாது. சுருட்டினால் பருமனாக இருப்பதே அதன் குறை. மெத்தென்ற தன்மையும் குறைவுதான்.

காற்றடைத்த பாய் சிறு பொட்டலமாக மடங்கும். இடுப்பெலும்புக்கு மிகவும் இதமானது. ஆனால் ஓட்டை விழுந்தால் அன்றிரவு வெறுந்தரைதான். மூச்சிரைப்பு உள்ளவர்கள் வாயால் ஊதாமல், காற்றடிக்கும் பையைப் பயன்படுத்துவது நன்று. வழவழப்பான தரையில் அது நழுவக்கூடும். அடியில் ஜமக்காளம் விரிப்பது பாதுகாப்பு.

பாயின் உறையில் ‘ஆர் மதிப்பு’ என்றோர் எண் இருக்கும். எண் உயர உயரக் குளிர்காப்பும் உயரும். ஏற்காட்டுக்கு 2 போதுமானது. இரண்டு பாய்களை அடுக்கினால் இரண்டின் மதிப்பும் கூடும்.

முதியோருக்கு இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு: படுத்த பாயிலிருந்து பிறர் துணையின்றி எழ முடிகிறதா என்பது. மிகவும் மெத்தென்ற பாயில் கை ஊன்ற இடம் கிட்டாது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே வீட்டுத் தரையில் விரித்து, அரை மணி நேரம் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். இடுப்பு தரையைத் தொட்டால் கனம் போதாது. பின்னர்ப் பக்கவாட்டில் திரும்பி, முழங்கால் ஊன்றி, நாற்காலியைப் பிடித்து எழுங்கள். எழுவது கடினமெனில், கட்டிலுள்ள அறையை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அதில் கூச்சத்துக்கு இடமில்லை.

எழுவது எளிதாக இருப்பின், ஃபோம் பாயும் ஒரு கம்பளிப் போர்வையும் போதும். பையின் சுமையும் குறையும். விடியற்காலையில் மலையேறக் கால்களும் ஒத்துழைக்கும்.